‘சத்தம் நின்னுடுச்சு, ஆனா எந்திரிக்க மாட்டேங்கிறான்’: மனச்சிதைவு நோயும் குடும்பமும்

நான் பணியாற்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வியாழக்கிழமை காலைகளில் கூட்டம் அதிகம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வருபவர்கள் எட்டரை மணிக்கெல்லாம் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் ஒரு தாய் ஒன்பது ஆண்டுகளாக மாதம் தவறாமல் வருகிறார். அவருடைய மஞ்சள் பையில் மருந்து எழுதும் நோட்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள், பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள், மகனுக்காகக் கட்டி எடுத்து வந்த இட்லிப் பொட்டலம் எல்லாம் இருக்கும். மகனுக்கு இப்போது 32 வயது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பாலிடெக்னிக் முடித்து லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞருக்கு 22 வயதில் தூக்கம் கெட்டது. பிறகு பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். இரண்டு ஆண் குரல்கள் நாள் முழுவதும் அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டன: “பார், எந்திரிச்சுட்டான். பார், பல்லு விளக்குறான்.” தாய் சமைத்த சோற்றில் விஷம் இருப்பதாக நம்பி, தேங்காயும் வாழைப்பழமும் மட்டும் தின்று பல வாரங்களைக் கழித்தார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குடும்பம் தாயத்துக் கட்டியது, வேப்பிலை அடித்தது, அமாவாசைதோறும் ஒரு கோயிலுக்கு அழைத்துச் சென்றது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது 14 மாதங்கள் கடந்திருந்தன. மாத்திரை தொடங்கி ஆறு வாரங்களில் குரல்கள் அடங்கின, சோறு சாப்பிட்டார், தாயின் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஆனால் நான்காம் மாதம் அந்தத் தாய் என் முன்னே அமர்ந்து சொன்னார்: “சத்தமெல்லாம் நின்னுடுச்சு டாக்டரம்மா. ஆனா எந்திரிக்க மாட்டேங்கிறான். சுத்த சோம்பேறியா ஆயிட்டான். அவங்கப்பா தினமும் திட்டித் தீர்க்கிறாரு.”

இருபது ஆண்டுகளுக்கு மேலான மருத்துவப் பணியில் நான் அதிகம் கேட்ட குறை இதுதான். குரல்களும் சந்தேகமும் அடங்கியதும் நோய் போய்விட்டது என்று குடும்பம் எண்ணுகிறது. அதன் பிறகு தெரியும் மந்தத்தை அந்த மனிதனின் குணமென்று எடுத்துக்கொள்கிறது.

மனச்சிதைவு என்ற சொல்லைக் கேட்டதும் ஒரே உடலில் இரண்டு ஆட்கள் இருப்பதாகப் பலரும் கற்பனை செய்கிறார்கள். சினிமா வளர்த்த தவறு அது. ஆங்கிலத்தில் இந்நோயைக் குறிக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908-இல் வழங்கிய சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இசையாமல் பிரிந்து போவதையே அப்பெயரால் குறித்தார். உலக அளவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளித் தொடங்கும். பரம்பரைக்கு இதில் பங்குண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று என்பதால், பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பதின்பருவத்தில் கஞ்சா பழகுவது அபாயத்தைக் கூட்டுகிறது. வளர்ப்பு சரியில்லாததால் வந்தது என்ற பழியைத் தாயின் மீது சுமத்த மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

நோயின் அறிகுறிகளை நான் குடும்பத்தாரிடம் இரண்டாகப் பிரித்துச் சொல்வேன். இல்லாத குரல் கேட்பது, இல்லாத பகை தெரிவது போன்றவை நோய் புதிதாகக் கொண்டுவந்தவை. ஆர்வம், முனைப்பு, நாலு பேரோடு பேசும் விருப்பம், முகத்தில் ஓடும் உணர்ச்சி ஆகியவை நோய் எடுத்துச் சென்றவை. மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தின் செயலை மட்டுப்படுத்தும் மாத்திரைகள் முதல் வகையை நன்றாக அடக்குகின்றன. இரண்டாம் வகையில் அவற்றின் பலன் குறைவு. ஆகவே மருந்து வேலை செய்து குரல்கள் ஓய்ந்த வீட்டிலேயே, குளிக்காமல் பல் துலக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஒரு மனிதரைக் குடும்பம் காண்கிறது.

சோம்பேறிக்கு வேலை பிடிக்காது. ஆனால் அவருக்குச் சினிமா பிடிக்கும், நண்பர்கள் பிடிக்கும், பிரியாணி பிடிக்கும். இந்நோயில் பிடித்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சாமல் போகிறது. “குளிக்கணும்னு தெரியுது மேடம், வாளி வரைக்கும் போறதுக்கு உள்ள எதுவும் தள்ள மாட்டேங்குது” என்று அந்த இளைஞர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. அதே சமயம், எல்லா மந்தமும் நோயால் வருவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். மருந்தின் அளவு கூடினால் தூக்கமும் தசை விறைப்பும் வரும். மனச்சோர்வு சேர்ந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். இவை இரண்டையும் சரிசெய்ய முடியும் என்பதால், “எந்திரிக்க மாட்டேங்கிறான்” என்ற குறையை மருத்துவரிடம் விவரமாகச் சொல்வது அவசியம்.

வீட்டில் பேசும் பேச்சுக்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்புண்டு. 1950-களின் இறுதியில் லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருடைய சகாக்களும், மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ வாழ்க்கைத்துணையிடமோ திரும்பியவர்களுக்கு, வேறிடங்களில் தங்கியவர்களைவிட நோய் அதிகமாகத் திரும்புவதைக் கண்டார்கள். தொடர்ந்த ஆய்வுகளில் இடைவிடாத குறைகூறல், வெறுப்பு, மூச்சுவிட இடம் தராத அதீதக் கவலை ஆகிய மூன்றும் காரணங்களாகத் தெரிந்தன. 1980-களில் சண்டிகரில் மனநல மருத்துவப் பேராசிரியர் விக் குழுவினர் ஆராய்ந்தபோது, இந்தியக் குடும்பங்கள் லண்டன் குடும்பங்களைவிடக் குறைவாகவே குறைகூறுவதாகத் தெரியவந்தது. ஆனால் வெறுப்பு நிலவிய வீடுகளில் இங்கும் நோய் திரும்பியது. ஆகவே அந்தத் தந்தையின் வசவைக் குறைப்பதை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதினேன். காலையில் பத்துக் கட்டளைகள் இடுவதற்குப் பதிலாக ஒரே ஒரு வேலை கொடுக்கச் சொன்னேன்: முக்குக் கடைக்குப் போய் அரை லிட்டர் பால் வாங்கி வருவது. இரண்டு மாதம் தாயும் உடன் நடந்தார். மூன்றாம் மாதம் மகன் தனியாகப் போனார். மீதிச் சில்லறையை எண்ணிக் கொண்டுவந்து கொடுத்த நாளைத் தாய் தேதியோடு நோட்டில் குறித்துவைத்திருக்கிறார்.

மாத்திரையை இரசத்திலோ காபியிலோ கரைத்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்புவது இந்நோயின் இயல்பு. வேறு வழி தெரியாத தாய் அப்படிச் செய்கிறார், அவருடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உணவில் எதையோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே அஞ்சுபவர், ஒருநாள் டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடியைக் கண்டுவிட்டால், அவருடைய சந்தேகத்துக்கு வீடே சாட்சி சொன்னதாகிவிடும். அதன்பின் அவர் உண்மையான மாத்திரையையும் தொடமாட்டார். அவர் சம்மதித்தால், இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒருமுறை போடும் நீண்டகால ஊசி இருக்கிறது; தினமும் மாத்திரைக்காக நடக்கும் சண்டை அதனால் ஓய்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் குரல்கள் அடங்காதவர்களுக்குக் குளோசபைன் என்ற மருந்து இருக்கிறது. அது வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால், தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டுதான் சாப்பிடவேண்டும். முதல்முறை நோய் வந்து குணமடைந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் நோய் திரும்பியதாகவும், மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று நிறுத்திய மாத்திரைதான் அந்த நலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதைக் குடும்பங்கள் இரண்டாவது முறை நோய் வந்த பிறகே உணர்கின்றன.

மருந்து திடீரென நிற்பதற்கு நான் பார்த்த பெரிய காரணம் கல்யாணம். “ஒரு கால்கட்டுப் போட்டா சரியாகிடும்” என்று உறவினர்கள் சொல்ல, நோயை மறைத்துச் சம்பந்தம் பேசுகிறார்கள். பெண்ணுக்கு நோய் என்றால் மாத்திரையைப் புகுந்த வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. எடுத்துப் போனாலும் யாருக்கும் தெரியாமல் விழுங்கவேண்டும். மூன்று மாதத்தில் தூக்கம் கெடும், ஐந்தாம் மாதம் குரல் கேட்கும், பிறகு “ஏமாத்திட்டாங்க” என்ற சொல்லோடு அவர் தாய்வீட்டில் இறக்கிவிடப்படுவார். என் ஓ.பி.யில் அப்படி வந்த பெண்கள் பலர் உண்டு. சட்டப்படி விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை. ஒருவர் பதினோரு ஆண்டுகளாகத் தாலியைக் கழற்றாமல் இருக்கிறார். அவருடைய கணவருக்கு வேறு குடும்பமே இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் 1976-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்நோயைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆயினும் நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது, சேர்ந்து வாழ முடியாத அளவுக்கு அது கடுமையாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. நோயாளிகள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்து மணந்து, தினமும் இரவு மாத்திரையைத் தாமே எடுத்துக் கொடுக்கும் கணவர்களையும் மனைவியரையும் எனக்குத் தெரியும். நோய் ஓராண்டாவது அடங்கியிருந்து, எதிர்த்தரப்பிடம் உண்மையைச் சொல்லி, மருத்துவரையும் ஒருமுறை சேர்ந்து சந்தித்த பிறகு நடந்த திருமணங்களே அவற்றில் பெரும்பாலானவை.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் தடுப்பதில்லை. திருச்சிக்கு அருகில் குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடும் குடும்பங்கள் அங்கே ஆறுதல் பெறுவது உண்மை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியை நினைக்காமல் என்னால் எந்தச் சங்கிலித் தழும்பையும் பார்க்க முடிவதில்லை. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. இன்று ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். பிரார்த்தனை தொடரட்டும், மருந்து அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் வீணாகும் மாதங்கள் பின்னால் மீள்வதைக் கடினமாக்குகின்றன.

மனச்சிதைவு உள்ளவர் என்றாலே ஆபத்தானவர் என்ற அச்சமும் பெரும்பாலும் தவறானது. அவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் அடிபடுவதும் ஏமாற்றப்படுவதுமே அதிகம். உண்மையில் நான் அஞ்சுவது அவர்களுடைய உயிருக்கே. தற்கொலை எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னாலோ, ‘செத்துப் போ’ என்று குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ அன்றைக்கே அழைத்து வாருங்கள். 2022 முதல் இயங்கும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், புகையிலை ஆகியவற்றையும் மறந்துவிடக் கூடாது. சில மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றுவதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்கச் சொல்கிறேன்.

நம்பிக்கைக்கு இடமிருக்கிறதா என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் முதன்முறை நோயுற்ற 90 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வைச் சொல்வேன். சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபின் டாக்டர் தாரா நடத்தியது அது. பத்தாண்டு முடிவில் இடைவிடாமல் நோயுற்றே இருந்தவர்கள் மிகச் சிலர்தான். பெரும்பாலோருக்கு நோய் அடங்கியும் திரும்பியும் நடந்தது, பலர் வேலைக்கும் போனார்கள். அந்நிறுவனத்தை 1984-இல் தொடங்கிய சாரதா மேனன், மனநோயாளிகளைப் பூட்டி வைப்பதே சிகிச்சை என்றிருந்த காலத்தில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றவர்.

இனி, அந்தத் தாயின் விஷயம். சென்ற ஆண்டு அவர் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வாரங்கள் படுக்கையில் கிடந்தார். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. மூன்றாம் வாரம் மகன் சோற்றை மோந்து பார்க்கத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகளாக எல்லாவற்றையும் ஒரே ஆளின் நினைவில் சுமக்கவிட்டிருந்தோம். அதில் எனக்கும் பங்குண்டு, ஏனெனில் நான் ஒருமுறைகூடத் தந்தையை வரச்சொல்லிக் கடிதம் எழுதவில்லை. “எனக்கப்புறம் யாரு டாக்டரம்மா?” என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்றால் அடையாள அட்டையும் அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. அதையும் அப்போதுதான் செய்து கொடுத்தோம்.

இந்த மாதம் தந்தையும் வந்திருந்தார். பேசவில்லை. நோட்டை மேசைமேல் விரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, “காலையில எது, ராத்திரி எது, சொல்லுங்க மேடம், நானே எழுதிக்கிறேன்” என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்ததும் மகன் நோட்டை வாங்கிப் பார்த்து, இரவு மாத்திரை ஒன்றல்ல, ஒன்றரை என்று தந்தையின் எழுத்தைத் திருத்தினார்.