எந்த நாட்டுக் கஜு? இந்தியாவுக்கு அனுப்புமுன் கேட்க வேண்டிய கேள்வி

திருகோணமலை உட்துறைமுக வீதியில் சரக்குகளைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் சிறியதொரு கிளியரிங் அலுவலகம் நடத்துகிறேன். போன வைகாசியில் நிலாவெளியிலிருந்து ஒரு அக்கா வந்தார். கஜு உடைத்துப் பருப்பெடுக்கும் தொழில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். தூத்துக்குடி வியாபாரி ஒருவரிடம் விலையும் பேசி முடித்திருந்தார். "தம்பி, இந்தியாவோட ஒப்பந்தம் இருக்குத்தானே? தீர்வை இல்லையெண்டு நினைச்சுத்தான் விலை சொன்னனான்" என்றார்.

ஒப்பந்தம் இருக்கிறது. இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அதனால் இரண்டு நாடும் ஒரே சந்தையாகிவிடவில்லை. நான் பார்த்த அளவில், எங்கள் ஊர்ச் சிறு ஏற்றுமதியாளர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒரே சந்தைக்குக் கிட்ட வருவது சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகள் தமக்குள் தீர்வையை நீக்குவதோடு, வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லாரும் ஒரே தீர்வையை வைப்பார்கள். ஐரோப்பாவில் 1968 ஜூலை முதல் அப்படித்தான். ரொட்டர்டாமில் ஒருமுறை தீர்வை கட்டிய சரக்கு ஜேர்மனிக்குப் போகும்போது மறுபடி கட்டத் தேவையில்லை. தென்னாபிரிக்கா, பொட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாத்தினி சேர்ந்த ஒன்றியம் இன்னும் பழையது, 1910 இலிருந்து வருகிறது.

நம் பக்கம் அப்படி எதுவும் இல்லை. சார்க் நாடுகளின் சுதந்திர வர்த்தக உடன்பாடான சாஃப்டா 2006 இல் தொடங்கியும், தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்யும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். சார்க் உச்சிமாநாடே 2014 காத்மண்டுவுக்குப் பிறகு கூடவில்லை. இந்தியாவோடு சுங்க ஒன்றியம் வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். தென்னாபிரிக்க ஒன்றியத்தில் வெளித்தீர்வையை நெடுங்காலம் பெரிய நாடுதான் தீர்மானித்தது. எங்களுக்கும் அதுவே நடக்கும் என்ற பயம் எனக்கு உண்டு.

சரி, அக்காவின் கஜுவுக்கு வருவோம்.

சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் வெளித்தீர்வை நாட்டுக்கொன்றாகவே இருக்கும். அப்போது, மூன்றாம் நாட்டுப் பொருள் தீர்வை குறைந்த நாட்டில் இறங்கி, பக்கத்து நாட்டுக்குள் சும்மா நுழைந்துவிடலாம். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகிறது என்று இந்திய விவசாயிகள் குரல் எழுப்ப, 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோ 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது, அதற்குக் கீழான விலையில் இறக்க முடியாது. கஜுப் பருப்புக்கும் அப்படி விலை வரம்பு உண்டு, அதை ஒப்பந்தம் நீக்காது. இந்தக் குறுக்குவழியை அடைக்கத்தான் தோற்ற விதிகள் இருக்கின்றன. பொருள் இலங்கையில் பிறந்தது என்று நிரூபித்தால்தான் சலுகை.

"கஜு எங்க வாங்குறீங்க?" என்று கேட்டேன். குச்சவெளித் தோட்டக்காரர்களிடம். போதாதபோது, கொழும்பு வியாபாரியிடம் ஆபிரிக்கக் கஜு. இரண்டும் ஒரே சாக்கில்.

இங்கே விளைந்த கஜுவுக்குச் சிக்கலில்லை, அது முழுக்க இலங்கைப் பொருள். ஆபிரிக்கக் கஜு அப்படியல்ல. இறக்குமதி மூலப்பொருள் வேறு பொருளாக மாறியிருக்க வேண்டும், அதாவது உலகெங்கும் சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். குறியீட்டின் முதல் நான்கு இலக்கம் மாற வேண்டும். ஓட்டோடு இருந்தாலும் உடைத்த பருப்பானாலும் கஜு 0801 தான். எத்தனை கை பட்டாலும் குறியீடு மாறாது. வறுத்து உப்பிட்டால் 2008 என்ற குறியீட்டுக்குப் போய்விடும்.

அதுவும் போதாது. ஏற்றுமதி விலையில் குறைந்தது 35 சதவீதம் இங்கே சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். 1,000 ரூபாய்க்கு அனுப்பும் வறுத்த கஜுவில் ஆபிரிக்கக் கஜுவின் பங்கு 700 என்றால் தோற்றுவிடும், 600 என்றால் தேறும். இந்தியாவிலிருந்து வாங்கிய மூலப்பொருளையும் கூட்டிக்கொள்ளலாம். அப்போது இலங்கைப் பங்கு 25 சதவீதமும், இரண்டும் சேர்ந்து 35 சதவீதமும் இருந்தால் சரி.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்தில் தோற்றச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அது கையில் இருந்தாலும் வேலை முடியாது. 2020 செப்டம்பர் முதல், சலுகை கேட்கும் இந்திய இறக்குமதியாளரே பொருள் எப்படி இலங்கைப் பொருளானது என்ற விபரத்தை வைத்திருக்க வேண்டும், ஐந்து வருடம் பாதுகாக்கவும் வேண்டும். அதனால் வாங்குபவர் உங்கள் செலவு விபரம் கேட்டால் தொழில் இரகசியத்தைக் கேட்கிறார் என்று கோபப்படாதீர்கள். இங்கே பலர் அப்படிக் கோபப்பட்டு நல்ல வாடிக்கையாளரை இழந்திருக்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து இங்கே இறக்குமதி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சலுகை சுங்கத் தீர்வைக்கு மட்டும்தான். 18 சதவீத வற் வரியை அது தொடாது.

அக்கா அன்றைக்கே தூத்துக்குடிக்கு எடுத்துப் பேசி, முதல் சரக்கைத் தோட்டத்துக் கஜு மட்டும் என்று குறைத்துக்கொண்டார். இப்போது அவருடைய கொட்டிலில் ஆபிரிக்கச் சாக்குகள் தனி மூலையில் இருக்கின்றன. தோட்டக்காரர் ஒவ்வொருவரும் கிலோவும் திகதியும் எழுதிக் கையெழுத்து வைக்க ஒரு கொப்பி போட்டிருக்கிறார். எங்கள் துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் வந்து நிற்கும், ஆனால் கொள்கலனுக்கு வசதியில்லை. அக்காவின் சரக்கு லொறியில் கொழும்புக்குப் போனது. கொப்பியின் பிரதி எனக்கும் ஒன்று, தூத்துக்குடிக்கும் ஒன்று.