நிலாச் சீட்டும் கோழிக் கொட்டகையும்

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருந்தார். குறி பார்க்கப் பயன்படும் டாரோட் கட்டிலிருந்து ஒரு சீட்டு. மேலே முகம் வைத்த நிலா, ஏதோ மனக்குறையோடு கீழே பார்க்கிறது. இரண்டு கோபுரங்கள், நடுவே வளைந்து போகும் ஒரு பாதை. பாதையின் ஒருபுறம் நாய், மறுபுறம் ஓநாய். இரண்டும் அண்ணாந்து ஊளையிடுகின்றன. அடியில் ஒரு குட்டை. அதிலிருந்து நண்டு என்றும் சொல்ல முடியாத, இறால் என்றும் சொல்ல முடியாத ஒன்று கரையேறப் பார்க்கிறது.

"ஆன்லைனில் கட்டு வாங்கி நானே எடுத்த சீட்டுங்க. கோயமுத்தூரில் சீட்டுப் பார்க்கிற ஒருத்தரிடம் காட்டினேன், கூட இருக்கிறவங்க எதையோ மறைக்கிறாங்க என்றார். இன்னொருத்தர், உங்கள் அம்மா உடம்பைக் கவனிங்க என்றார். ரெண்டுமே எனக்குப் பொருந்துதுங்க சார். அந்த நண்டுக்கு என்னதான் அர்த்தம்?"

நண்டுக்கு அர்த்தம் உண்டு. ஜாதகம் தெரிந்த எவரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்: சந்திரனின் ஆட்சி வீடு எது? கடகம். ஐரோப்பாவிலும் சந்திரனுக்கு அதே வீடுதான். பழைய ஐரோப்பியச் சுவடிகளில் கடக ராசிக்கு நம்மூர் வயல் நண்டு மாதிரி உருண்டையாக வரையாமல், நீள வால் வைத்த ஆற்று நண்டை வரைந்தவர்கள் பலர். அதுதான் உங்கள் குட்டையில் ஏறுகிறது.

டாரோட் முதலில் ஒரு சீட்டாட்டம். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், துருப்புச் சீட்டு போட்டுப் பிடி எடுக்கும் ஆட்டமாகத் தொடங்கியது. மிலான் பிரபுக் குடும்பத்துக்காக அப்போது வரைந்த கட்டில் நிலாச் சீட்டு இருக்கிறது. அதில் ஒரு பெண் பிறைநிலாவைக் கையில் பிடித்து நிற்கிறாள், அவ்வளவுதான். நாயும் நண்டும் பின்னால் மரக்கட்டையில் அச்சடித்த கட்டுகளில் வந்து சேர்ந்தவை. 1781இல் கூர் தெ ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர், இது எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய நூல் என்று ஆதாரமில்லாமல் அடித்துவிட, ஆட்டக் கட்டு ஆரூடக் கட்டாகிவிட்டது. வாசகி அனுப்பிய படம் 1909இல் லண்டனில் வெளியான கட்டைச் சேர்ந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஆர்தர் வெயிட், வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். 78 சீட்டு வரைந்ததற்குக் கூலி மிகக் குறைவு என்று அந்த அம்மையாரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கட்டுக்கோ பதிப்பாளர் பெயரையும் வெயிட் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். அந்த வெயிட் நண்டுக்குத் தந்த பொருள், மிருகத்துக்கும் கீழான பெயரில்லாத ஏதோ ஒன்று ஆழத்திலிருந்து மேலே வரப் பார்க்கிறது என்பது.

சரி, வரைந்தவர்கள் வைத்த அர்த்தம் இது. ஆனால் வாசகி கேட்பது இதையல்ல என்று எனக்குத் தெரியும். கூட இருப்பவரின் கள்ளத்தனமும் அம்மாவின் உடம்பும் ஒரே படத்திலிருந்து எப்படி வந்தன, இரண்டும் எப்படிப் பொருந்தின? அதைத்தான் கேட்கிறார்.

பாதிப் பதில் பலருக்கும் தெரிந்ததே. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். ஆளுக்கொரு முடிவு என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அதிலிருந்த வரிகள் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால், சராசரி 4.26. பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எல்லோருக்கும் பொருந்தும். கூட இருப்பவர் எதையாவது மறைக்காத வீடு எது?

ஆனால் இதுவும் பாதிதான். ஃபோரர் கொடுத்தது வாக்கியங்கள். சீட்டில் வாக்கியம் ஏது? நாயும் நிலாவும் நண்டும்தான் இருக்கின்றன. வாக்கியத்தை யாரோ செய்தாக வேண்டும். அந்த ஆள் நம் மண்டைக்குள் இருக்கிறார். அவரைக் கையும் களவுமாகப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. நரம்பியலில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு சோதனையைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். அதில் கோழியும் வருவதால் கோழிப் பண்ணைகள் நிறைந்த பல்லடத்துக்காரர்களுக்கு இரட்டிப்பாகப் பிடிக்கும்.

மூளையின் இரண்டு பாதிகளையும் கார்ப்பஸ் கலோசம் என்ற நரம்புப் பட்டை இணைக்கிறது. ஏறத்தாழ 20 கோடி இழைகள். மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயில், வலிப்பு ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குத் தாவாமலிருக்க இந்தப் பட்டையையே வெட்டிவிடுவது உண்டு. வெட்டிய பிறகும் நோயாளி நடக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் உள்ளே வலப்பாதிக்குத் தெரிந்தது இடப்பாதிக்குப் போவதில்லை. பள்ளிப் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பார்வையின் வலப்புறம் இருப்பது இட மூளைக்குப் போகும், இடப்புறம் இருப்பது வல மூளைக்கு. கைகளும் அப்படியே மாற்றி. பேசுவது பெரும்பாலானவர்களுக்கு இட மூளை.

1970களில் மைக்கேல் கசானிகா, ஜோசப் லெடூ என்ற மூளை ஆய்வாளர்கள் இப்படி அறுவை செய்துகொண்ட ஓர் இளைஞரைச் சோதித்தார்கள். திரையின் நடுவில் கண்ணை நிறுத்தச் சொல்லி, கண் நகர நேரம் கிடைப்பதற்குள் இரண்டு படங்களை மின்னலடிப்பதுபோலக் காட்டினார்கள். வலப்புறம் ஒரு கோழிக்கால். அது இட மூளைக்குப் போயிற்று. இடப்புறம் பனி மூடிய ஒரு வீட்டுக் காட்சி. அது வல மூளைக்கு. பிறகு பல படங்களை முன்னால் வைத்து, பார்த்ததற்குப் பொருத்தமானதை எடுக்கச் சொன்னார்கள். வலக்கை கோழியைக் காட்டியது. இடக்கை, பனியை வாரித் தள்ளும் மண்வாரியைக் காட்டியது. இரண்டு கையும் சரி.

அப்புறம்தான் அந்தக் கேள்வி: ஏன் இந்த இரண்டையும் எடுத்தாய்?

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பதில் சொல்ல வேண்டியது வாயுள்ள இட மூளை. அது பனியைப் பார்க்கவே இல்லை. கோழிக்காலைத்தான் பார்த்தது. தன் இடக்கை எதற்காக மண்வாரியைத் தொட்டது என்று அதற்குத் துளியும் தெரியாது. நேர்மையான பதில், "மண்வாரி எதற்கு என்று தெரியவில்லை" என்பதுதான். அந்த இளைஞர் அப்படிச் சொல்லவில்லை. தயங்கவும் இல்லை. கோழிக்கால் கோழியோடு சேரும், அப்புறம் கோழிக் கொட்டகையைச் சுத்தம் பண்ண மண்வாரி வேண்டுமே என்றார்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. பதில் அவ்வளவு கச்சிதம்! பல்லடத்தில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் அதில் ஒரு தப்பும் இருப்பதாக யாருக்கும் தோன்றியிருக்காது. ஒரு பேட்ச் கோழி லாரி ஏறிய மறுநாள், தேங்காய் நார்த்தூளோடு கலந்து இறுகிப்போன எருவை வாரிக் கொட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கோழிக்கும் மண்வாரிக்கும் என்ன சம்பந்தம் என்று. உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். விளக்கம் உலகத்தைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு உண்மை. அந்தக் கை நகர்ந்ததற்கான காரணமாக மட்டும் சுத்தப் பொய். சொன்னவருக்கோ அது பொய்யென்றே தெரியாது.

இன்னொரு சோதனையில் ஒரு நோயாளியின் வல மூளைக்கு மட்டும் 'நட' என்ற சொல்லைக் காட்டினார்கள். எழுந்து நடந்தார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்றதும், குடிக்க ஒரு கோக் எடுக்கப் போகிறேன் என்றார். இப்படி உடனுக்குடன் காரணம் தைத்துக் கொடுக்கும் வேலைக்குக் கசானிகா 'விளக்கம் சொல்பவர்' என்று பெயர் வைத்தார். பிளந்த மூளைக்குள் இருப்பது ஒரு மனமா இரண்டா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் இந்தத் தையல்காரரின் கைவரிசை ஐயத்துக்கு இடமில்லாதது.

எங்கள் மூளையை யாரும் வெட்டவில்லையே என்பீர்கள். அதற்குத் துணிக்கடைப் பக்கம் போகலாம், திருப்பூர்க்காரர்கள் மன்னிக்க. 1977இல் நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது நல்ல தரம் என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. ஆனால் இடமிருந்து வலமாக 12, 17, 31, 40 விழுக்காட்டினர் என்று தேர்வு ஏறிக்கொண்டே போயிற்று; கடைசியில் இருந்த ஜோடிக்கு வெறும் இடத்தாலேயே யோகம். ஏன் இது என்றால் நிட்டிங், நெசவு என்று துணியின் குணத்தையே சொன்னார்கள், வாங்க வந்தவர் முன்னால் நிற்கும் கம்பெனி மெர்ச்சண்டைசர் மாதிரி. வைத்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது, கேட்டவரைப் பைத்தியமோ என்று பார்த்தார்களாம்.

இப்போது நிலாச் சீட்டுக்குத் திரும்புவோம். அந்தச் சீட்டு விளக்கம் சொல்பவருக்குக் கொட்டிக் கொடுத்த மூலப்பொருள். நாயும் ஓநாயும் ஒரே ஜாடை. நாய் வீட்டுக்குள் இருப்பவர், ஓநாய் நம்ப முடியாதவர். தண்ணீருக்குள்ளிருந்து வருவது மறைந்திருக்கும் கடனாகலாம், நோயாகலாம், பழைய காதலாகலாம். நிலா அம்மாவாகலாம், நம் ஜோசியத்தில் சந்திரன்தானே மாதுர்காரகன்? படம் குழப்பமாக இருக்க இருக்க, தைக்க நூல் அதிகம். ஒரு செங்கல்லின் படத்தை வைத்து யாராவது அரைமணி நேரம் குறி சொல்ல முடியுமா? அர்த்தத்தை வாசகியே தைத்தார். சீட்டுப் பார்த்தவர்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்கள். கூலி அவர்களுக்குப் போயிற்று.

காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. பக்தர் ஒருவரின் கனவில் ஒரு பொருள் வரும். பூப் போட்டுக் கேட்டு வெள்ளைப் பூ வந்தால் அந்தப் பொருள், வரப்போவதற்கு அறிகுறி என்று, ஆண்டவன் உத்தரவுப் பெட்டிக்குள் போகும். துப்பாக்கி, மண், மஞ்சள் என்று பலதும் இருந்திருக்கின்றன. தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்று இன்றும் சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெட்டி முன்னால் நின்று உற்றுப் பார்க்கப் பிடிக்கும். கண்ணாடிக்குள் ஒரு மஞ்சள் கிழங்கு தனியாக இருந்தால் அதற்கே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. ஆனால் ஈரோட்டு மண்டியில் விலை ஏறினால் அதற்குத்தான் மஞ்சள், விழுந்தாலும் அதற்குத்தான், ஊரில் காய்ச்சல் வந்தால் கிருமிநாசினி என்பதால் மஞ்சள். பொருள் முதலில் வருகிறது, வாக்கியத்தை நாம் பிறகு தைக்கிறோம். கும்பிடுவதில் எனக்குச் சண்டையில்லை. அதைக் காட்டி மஞ்சளைப் பதுக்குங்கள், நிலத்தை விற்றுவிடுங்கள் என்று ஆலோசனை சொல்ல ஆள் கிளம்பும்போதுதான் எரிச்சல்.

எரிச்சல் என்றதும் இன்னொன்று. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், காலுறைச் சோதனை மாதிரி ஒன்றைப் பனியன் வைத்துச் செய்து பார்க்கச் சொற்பப் பணம் கேட்டோம். இதிலிருந்து என்ன பொருள் தயாரிப்பீர்கள் என்று கேட்டுக் கோப்பை மூடினார்கள். அதே ஆண்டு வந்த ஒரு கருவியை ராகுகாலம் கழித்துத்தான் பெட்டி பிரித்தார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காட்டைத்தான் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறோம் என்று 2020-21 அரசுக் கணக்கு சொல்கிறது. அந்தத் துளிக்குள்ளும் மனம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவனுக்குக் கடைசிப் பந்திதான்.

இதையெல்லாம் சுருக்கி வாசகிக்கு எழுதினேன். கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். அதே கட்டிலிருந்து கண்ணை மூடி ஒரு சீட்டு எடுங்கள், ஆனால் உங்களுக்காக அல்ல, உங்கள் பண்ணை நாய்க்காக. அது எவ்வளவு பொருந்துகிறது என்று எழுதுங்கள் என்றேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. வந்த சீட்டு ஒன்பதாம் எண், துறவி. பனிமலை உச்சியில் ஒரு கிழவர் கையில் லாந்தர் விளக்கோடு தனியாக நிற்கிற படம்.

"அப்படியே பொருந்துதுங்க சார். ராத்திரி பூரா தூங்காமல் கொட்டகைக்குக் காவல் இருக்கிறது அது ஒண்ணுதானுங்களே!"