சிக்னல் ஃபுல், நெட் இல்லை: மெஷ் வைஃபைக்கு ஏன் ஒரு கம்பி வேண்டும்?

எங்கள் வீட்டில் ஃபைபர் மோடம் கீழே ஹாலில், வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் உள்ளே நுழைந்ததும் கண்ட முதல் சுவர் அது. என் மேஜையோ மாடியில், பின்பக்க அறையில். இடையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு, ஒரு கான்கிரீட் தளம், போதாக்குறைக்கு ஒரு இரும்பு பீரோ. ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும், மூன்று பெட்டி கொண்ட மெஷ் வைஃபை செட் வாங்கி, ஒன்றைக் கீழேயும், ஒன்றை மாடிப்படி திரும்பும் இடத்திலும், ஒன்றை என் மேஜை மேலும் வைத்தேன். போனில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்தன. ஆனால் 300 எம்பிபிஎஸ் இணைப்பில் மேஜைக்கு வந்து சேர்ந்தது 60. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியபின் அது 30.

"சிக்னல் ஃபுல்லாத்தானே காட்டுது?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். போனில் தெரியும் கோடுகள், போனுக்கும் அதன் பக்கத்தில் உள்ள பெட்டிக்கும் நடுவில் இருக்கும் உறவை மட்டுமே சொல்கின்றன. அந்தப் பெட்டி கீழே உள்ள பெட்டியோடு என்ன பாடுபட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது என்பது அதில் தெரியாது. பெட்டிகள் தங்களுக்குள் பேசும் இந்தப் பின்வழிக்கு நெட்வொர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பேக்ஹால்.

பந்தியில் சாம்பார் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வாளியோடு சமையல்கட்டுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். பிறகு இலைக்கு ஊற்றவேண்டும். நிரப்பும் நேரத்தில் ஊற்ற முடியாது, ஊற்றும் நேரத்தில் நிரப்ப முடியாது. கம்பியில்லாத மெஷ் பெட்டியின், அதாவது நோடின், நிலையும் இதுதான். அதே ரேடியோ, அதே சேனலில், கீழிருந்து வாங்கி மறுபடி மேலே கொடுத்தால் ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பறக்கிறது. வேகம் பாதியாகிறது. நடுவில் இன்னொரு நோடு வந்தால் மூன்றில் ஒன்று. பேக்ஹாலுக்கென்றே மூன்றாவது ரேடியோ வைத்த விலை கூடிய செட்கள் உண்டு. அவை தேவலை, ஆனால் சுவரும் தளமும் அந்த ரேடியோவுக்கும் சுவரும் தளமும்தான்.

ஏன் ஒரே நேரத்தில் வாங்கிக் கொடுக்க முடியாது? நோடு ஒலிபரப்பும் அலையின் திறன் 100 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை தள்ளியிருந்து அதே திறனில் புறப்பட்டு வரும் அலை, நோடை அடையும்போது அதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கலாம். தவில் அடிக்கிறவர் அடித்துக்கொண்டே அடுத்த தெருக் கிசுகிசுப்பைக் கேட்க முடியுமா? அதனால் வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்பது விதி. பேச நினைக்கும் கருவி முதலில் காதுகொடுத்துக் கேட்கும். காற்று அமைதியாக இருந்தால் தனக்குள் ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டு, 9 மைக்ரோவினாடிக்கு ஒன்றாக எண்ணிக் குறைத்து, பூஜ்யம் வந்ததும் பேசும். நடுவில் வேறு யாராவது ஆரம்பித்தால் எண்ணுவதை நிறுத்திக் காத்திருக்கும். வீட்டில் உள்ள போன், டிவி, கேமரா, அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் இந்த வரிசையில்தான் நிற்கின்றன. மெஷ் நோடுகளின் சொந்தப் பேச்சும் அதே வரிசையில் போய் நின்றுகொண்டால், வரிசை நீளாமல் என்ன செய்யும்?

நோடுகளுக்குள் ஒரு கம்பி இழுத்தால் வைஃபை வேகமாகிவிடும் என்று விளம்பரங்கள் சொல்வது முழு உண்மையில்லை. காற்றில் வைஃபை முன்பு போலத்தான் ஓடுகிறது. பெட்டிகளின் பேச்சு மட்டும் வரிசையை விட்டு விலகிக் கம்பிக்குள் போய்விடுகிறது. வாளிக்குச் சமையல்கட்டிலிருந்து நேராகக் குழாய் வைத்த மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கம்பி நெட்வொர்க்கின் தாய்வீடு காற்றுதான். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனின் குழு, தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோவில் இணைக்க அலோகாநெட் என்ற ஒன்றை ஓட்டியது. எல்லோருக்கும் பொதுவான அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயல வேண்டியதுதான். 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் அந்த யோசனையை ஒரு தடித்த கோஆக்சியல் கேபிளுக்குள் கொண்டுவந்தார். ஒளி பயணிக்கும் ஊடகம் என்று பழைய இயற்பியலாளர்கள் கற்பனை செய்த ஈதரின் பெயரையே அதற்கு வைத்தார். அதுதான் ஈதர்நெட். முதல் ஈதர்நெட்டின் வேகம் 2.94 எம்பிபிஎஸ். அந்தக் கேபிளிலும் எல்லோரும் ஒரே வரிசைதான், மோதல்தான். பிறகு, வரும் தகவலை உரிய கருவியின் கம்பிக்கு மட்டும் அனுப்பும் ஸ்விட்ச் என்ற பெட்டி வந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி கிடைத்தது. மோதல் என்பதே இல்லாமல் போனது. வைஃபை இன்னும் ஹவாய்த் தீவுகளின் பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, கம்பிக்குள் என்ன நடக்கிறது? லேன் கேபிளின் உறையைச் சீவினால் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. முறுக்குவது அலெக்சாண்டர் கிரகாம் பெல் காலத்து உத்தி. 1881இல் டெலிபோன் கம்பிகளுக்காக அவர் காப்புரிமை பெற்றார். ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னழுத்தம் அனுப்பப்படுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கி ஒட்டிக் கிடக்கும் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தாக்கும். வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் பொதுவாக வந்த இரைச்சல் கழிந்துவிடுகிறது. நான்கு ஜோடிகளும் ஒரே நெருக்கத்தில் முறுக்கப்படுவதில்லை. பிரித்து வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஒரு ஜோடியின் பேச்சு இன்னொன்றில் ஒட்டாமலிருக்க அந்த ஏற்பாடு.

1999இல் வந்த கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஈதர்நெட் தரம் நான்கு ஜோடிகளையும் பயன்படுத்துகிறது. ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 12.5 கோடி குறியீடுகள், ஒரு குறியீட்டில் 2 பிட், ஆகவே ஜோடிக்கு 250 எம்பிபிஎஸ். அதுவும் ஒரே ஜோடியில் இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில். தான் அனுப்புவது என்ன என்று தனக்குத் தெரியுமாதலால், கம்பியில் இருப்பதிலிருந்து தன் குரலைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கிறது சிப். கம்பியில் எதிராளியின் குரல் நூறு கோடியில் ஒரு பங்காகத் தேய்ந்துபோவதில்லை, அதனால் இந்தக் கழித்தல் சாத்தியமாகிறது.

நான்கு ஜோடி என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் கம்பி இழுத்த அண்ணன் கைதேர்ந்த எலக்ட்ரீஷியன். ஏற்கெனவே சுவருக்குள் போயிருந்த பைப்பில் ஸ்பிரிங் விட்டு, அரை மணி நேரத்தில் கேபிளை மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார். எல்லாம் மாட்டிச் சோதித்தால் 94 எம்பிபிஎஸ். எத்தனை முறை பார்த்தாலும் அதே 94.

"அண்ணே, எட்டுக் கம்பியும் போட்டீங்களா?"

"நாலு போதும் தம்பி. கேமராவுக்கெல்லாம் நாலுதான் போடுறோம். மிச்ச நாலு ஸ்பேர்."

அவர் சொன்னது 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டுக்குச் சரி. அதற்கு இரண்டு ஜோடி போதும். நான்கு கம்பி மட்டுமே உயிரோடு இருந்தால் பெரும்பாலான பெட்டிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். சில பெட்டிகள் இணைப்பே எடுக்காது. 100இல் முகவரி, இடைவெளி என்று ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் கழிந்தது போக மிஞ்சுவதுதான் அந்த 94. உங்கள் வீட்டிலும் வேகம் 90க்கும் 95க்கும் நடுவில் ஆணியடித்த மாதிரி நின்றால், வைஃபையைத் திட்டுவதற்கு முன் முனையில் உள்ள ஜாக்கைப் பாருங்கள். ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் இருந்தாலும் கதை இதுதான். இல்லையென்றால் வழியில் எங்கோ ஒரு பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒளிந்திருக்கும்.

கம்பிகளின் வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். நடு இரண்டு ஊசிகள் டெலிபோன் ஜோடிக்கு என்ற பழைய வழக்கத்தின் மிச்சம் அது. "இதென்ன கோணலாக இருக்கிறது" என்று நான்கு ஜோடிகளையும் வரிசையாக அடுக்கி இரண்டு முனையிலும் அதேபோல் கடித்துவிட்டால், மலிவான டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் எதிரெதிர் மின்னழுத்தம் வேறு வேறு ஜோடியின் கம்பிகளில் போய்க்கொண்டிருக்கும். இரைச்சல் கழிவது நின்றுவிடும். கேபிள் நல்லது, டெஸ்டர் நல்லது, நெட் மட்டும் திணறும்.

கேபிள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடையில் சல்லிசாகக் கிடைக்கும் சுருள்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவீதம்தான்; பைப்பில் இழுக்கும்போது எளிதில் அறுந்தும் போகும். சுவருக்குள் ஒருமுறை போன கேபிளை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். இந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சுத்தச் செம்பில் கேட்-6 என்ற தரத்துக் கேபிள் வாங்குங்கள். 100 மீட்டர் வரை கிகாபிட் கவலையில்லை, பெட்டிகளில் கம்பி செருக 2.5 ஜிபிபிஎஸ் (2500 எம்பிபிஎஸ்) துளைகள் வந்தாலும் இதே கேபிள் தாங்கும். கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் மட்டும் விடாதீர்கள். இரைச்சலை முறுக்கு ஓரளவு சமாளிக்கும். உறை உரசி 230 வோல்ட் லேன் கம்பியைத் தொட்டால் எந்த முறுக்கும் காப்பாற்றாது.

அப்புறம் எதை எதில் செருகுவது? மோடத்திலிருந்து வரும் கம்பி முதன்மை மெஷ் பெட்டிக்குள் போகவேண்டும். அதிலிருந்து வெளியே வரும் கம்பி மற்ற நோடுகளுக்கு. துளை போதவில்லை என்றால் முதன்மைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் வைத்து அதிலிருந்து கிளை பிரிக்கலாம். இரண்டு துளை உள்ள நோடுகளை ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கவும் பெரும்பாலான செட்கள் விடுகின்றன. வாங்கும் முன் நோடில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2019இல் கூகுள் வெளியிட்ட நெஸ்ட் வைஃபையின் துணைப் பெட்டியில் ஒரு ஈதர்நெட் துளைகூடக் கிடையாது.

பலரும் சறுக்குவது, மாடிக்குப் போகும் கம்பியை மோடத்தின் துளையிலேயே செருகிவிடுவதில். முதன்மைப் பெட்டி ரூட்டராக இயங்கினால் அது தனக்குப் பின்னால் ஒரு தனி நெட்வொர்க்கை நடத்துகிறது. மாடி நோடு அதற்கு முன்னால், மோடத்தின் நெட்வொர்க்கில் போய் உட்கார்ந்துவிடும். ஒரே குடும்பம், இரண்டு ரேஷன் கார்டு. வீட்டமைப்பு காரணமாக அப்படித்தான் செருகியாக வேண்டும் என்றால், மெஷ் முழுவதையும் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றி, ரூட்டர் வேலையை மோடத்திடமே விட்டுவிடுவது நல்லது.

கம்பி செருகியும் வைஃபை பேக்ஹால் உயிரோடு இருந்தால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இரண்டு வழி ஆகிவிடும். ஈதர்நெட்டுக்கு அது ஆபத்து. இணையப் பொட்டலங்களுக்கு ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துப்போகும். அந்தப் பொட்டலத்தைச் சுமந்துபோகும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு சட்டகம் வட்டத்தில் சிக்கினால் சுற்றிக்கொண்டே பெருகி, சில வினாடிகளில் மொத்த வீட்டையும் முடக்கிவிடும். 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். பெட்டிகள் தங்களுக்குள் பேசி, கிளைகள் மட்டுமே உள்ள வட்டமில்லாத ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, மிச்ச வழிகளை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ முறை அது. மெஷ் பெட்டிகளும் இதையோ இதைப் போன்ற ஒன்றையோ உள்ளே ஓட்டி, கம்பியைக் கண்டதும் காற்றுவழி பேக்ஹாலை ஒதுக்கிவிடுகின்றன. நீங்கள் செய்யவேண்டியது, போனில் உள்ள மெஷ் செயலியில் அந்த நோடுக்கு நேராகக் கம்பி இணைப்பு என்று காட்டுகிறதா எனப் பார்ப்பது. காட்டாவிட்டால் நோடை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கம்பி இழுக்கவே வழியில்லாத வாடகை வீடுகளுக்குக் கரண்ட் வயரிலேயே டேட்டா அனுப்பும் பவர்லைன் அடாப்டர்கள் இருக்கின்றன. த்ரீ-ஃபேஸ் வீட்டில் கீழறை ஒரு ஃபேஸிலும் மாடி அறை இன்னொரு ஃபேஸிலும் இருந்தால் அவை நொண்டும். நான் அதிகம் நம்பமாட்டேன்.

கம்பி வந்தபின் நோடுகளின் இடத்தையும் மாற்றவேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கம்பியில்லாத நோடு பாதி வழியில்தான் நிற்கவேண்டும். சிக்னல் செத்த அறையில் வைத்தால் அதற்கே கீழிருந்து ஒன்றும் கேட்காது. என் மேஜை நோடு செய்த தவறு அதுதான். கம்பி போட்ட நோடுக்கு அந்தக் கவலை இல்லை, தேவை எங்கோ அங்கேயே வைக்கலாம். படிக்கட்டில் நடுத்தரகராக நின்ற பெட்டியைக் கழற்றி அம்மாவின் அறைக்குக் கொண்டுபோனேன். அது இன்னும் காற்றுவழிதான், ஆனால் கீழ்ப்பெட்டிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர் மட்டுமே.

எலக்ட்ரீஷியன் அண்ணன் மறுநாள் வந்து, "ஸ்பேர்" கம்பிகளையும் சேர்த்து எட்டையும் கடித்துவிட்டுப் போனார். மேஜையில் 290 வந்தது. மாடி ஏறும்போது மட்டும் என் போன் கீழ்நோடை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. எந்த நோடோடு ஒட்டுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. பெட்டிகள் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். கீழ்நோடின் ஒலிபரப்புத் திறனை ஒரு படி குறைத்தேன். இப்போது ஏழாவது படியில் மாறிக்கொள்கிறது.