ஸ்டீரியோடைப்: தமிழில் அச்சுவார்ப்பு

ஓர் இனத்தார் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று பார்க்கும் முன்பே மனத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் சித்திரம்தான் ஸ்டீரியோடைப். இந்தச் சொல் பிறந்தது அச்சுக்கூடத்தில். கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் கெட்டியானது. ‘டூபோஸ்’ என்றால் பதிவு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அச்சாளர் ஃபிர்மான் திதோ இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். எழுத்துகளைக் கோத்த பக்கத்தின் மேல் வார்ப்பதற்கான அச்செடுத்து, அதில் ஈயக் கலவையை வார்த்தால் ஒரே தகடாகிவிடும். பிறகு எத்தனை படி அடித்தாலும் ஓர் எழுத்தும் மாறாது. மனித மனம் பிறரைப் பார்க்கும் விதத்துக்கு இதைப் பொருத்தி 1922இல் எழுதியவர் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன்.

சொல்லின் பொருளைக் கண்ணாலேயே காண வேண்டுமா? பழைய புகையிலை அட்டைகளைப் பாருங்கள். 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகுவார்கள். அதில் கல்லச்சில் வண்ணப்படம் போட்டதும் வாங்குபவர்கள் சேகரிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்துச் சிகரெட் நிறுவனமான ஆலன் அண்ட் ஜின்டர் 1888இல் ‘உலகப் புகைப்பாளர்கள்’ என்று 50 அட்டைகள் வெளியிட்டது. ஒரு நாட்டுக்கு ஒரு முகம், ஓர் உடை. அந்த நாடே அவ்வளவுதான்! அதே ஆண்டு ‘அமெரிக்க இந்தியத் தலைவர்கள்’ வரிசையும், அதாவது அமெரிக்கப் பழங்குடித் தலைவர்களின் படங்களும், வந்தது. அதில் ஜெரோனிமோவும் உண்டு. 1886இல் அமெரிக்கப் படையிடம் சரணடைந்த அந்த அப்பாச்சிப் பழங்குடி வீரர் அப்போது போர்க்கைதி. ஆளைச் சிறைவைத்துவிட்டு அவர் படத்தைக் காட்டிச் சிகரெட் விற்றிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

வழக்கம் இன்னும் பழையது. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் புகையிலைக் கடைகளில் ‘விர்ஜினியர்’ என்ற மரச்சிலைகள் இருந்தன. செதுக்கியவர்கள் அமெரிக்கப் பழங்குடியினரைக் கண்டதே இல்லை. ஆப்பிரிக்கர் ஒருவரின் கரிய உடலுக்குப் புகையிலைப் பாவாடையும் இலைக் கிரீடமும் மாட்டினார்கள். இரண்டு மக்கள் ஒரே பொம்மையில் கரைந்துபோனார்கள்.

ஸ்டீரியோடைப்பைத் தமிழில் ‘வார்ப்புரு’ என்று சிலர் எழுதுகிறார்கள். கணினித் துறை அதை வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘ஒரேமாதிரியாக்கம்’ செயலைச் சொல்கிறது, சித்திரத்தைச் சொல்லவில்லை. ‘முத்திரை குத்துதல்’ ஒரு தனி ஆளுக்கும் பொருந்தும். ‘அச்சில் வார்த்தது போல’ என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. அதிலிருந்து வரும் ‘அச்சுவார்ப்பு’ மூலச் சொல்லின் ஈயத் தகட்டையும் விடவில்லை. ‘இன அச்சுவார்ப்பு’, ‘அச்சுவார்ப்புச் சித்திரம்’ என்று தடையில்லாமல் எழுதலாம்.