இரண்டாவது டிரைவரின் முதல் வேலை தூங்குவது

ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு தொலைதூரம் ஓடும் லைன் லாரிக்குப் போகத் தயாராக நிற்கும் தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் வண்டியைப் பற்றித்தான். எத்தனை சக்கரம், எத்தனை கியர், லோடோடு மைலேஜ் எவ்வளவு வரும், தொப்பூர் மலை இறக்கத்தில் எந்த கியரில் இறங்கணும். இருபத்திரண்டு வருடம் வடக்கே ஓடிவிட்டு இப்போது நாமக்கல் பக்கம் பயிற்சி கொடுக்கிறேன். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி. "ஓடுற வண்டியில படுத்துத் தூங்குவியா?"

பலர் சிரிக்கிறார்கள். பஸ்ஸில் தூங்கிய அனுபவத்தை வைத்து "அதெல்லாம் தூங்கிடுவேன் சார்" என்கிறார்கள். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் டபுள் டிரைவர் வண்டிக்குப் போகிற புதுப் பையன் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

1999இல் இரண்டாவது டிரைவராக எனக்கு முதல் டிரிப். சேலத்திலிருந்து ஜவ்வரிசி லோடு, நாக்பூருக்கு. இன்றைக்கு 44 என்று போர்டு போட்டிருக்கும் ரோடு அப்போது ஏழாம் நம்பர் ரோடு. பெங்களூர், கர்நூல், ஐதராபாத், நிர்மல், அடிலாபாத் என்று போகும். கூட வந்த அண்ணன் அந்த லைனில் பத்து வருடம் ஓடியவர். ஐதராபாத்துக்கு முன்னால் மதியம் சாப்பிட்டதும், "ராத்திரி நிர்மல் தாண்டி நீ எடுக்கணும், இப்பப் படு" என்றார். பின் சீட்டில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு முன்னால் வழுக்கியது. ஹாரன் காதுக்குள்ளேயே அடித்தது. இன்ஜின் சூடு முதுகில் ஏறியது. எல்லாவற்றையும்விட, முதல் தடவையாக வடக்கே போகிற ஆசை. எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஊர் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "தூக்கம் வரலைங்கண்ணா" என்று பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

நள்ளிரவு தாண்டி ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் படுத்தார். காலை ஐந்து மணியிலிருந்து நான் விழித்திருந்தேன். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் கண் எரிந்தது, கொட்டாவி வந்தது, பீடி பற்றவைத்தேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன். அடுத்து நடந்தது எனக்குத் தெரியாது. இடது சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கிய சத்தம் மட்டும் கேட்டது. அதுகூட தூங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்குத்தான் முதலில் கேட்டிருக்கிறது. "பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே என் தோளைப் பிடித்து உலுக்கினார். வண்டி சாய்ந்தபடி நின்றது. ஹெட்லைட் வெளிச்சத்தில் பத்தடி தூரத்தில் ஒரு புளியமரம்.

அவர் திட்டவில்லை. இறங்கி நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு, குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்து என் கையில் ஊற்றினார். "கண்ணு சொக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடா வெக்கம்? உன்ன நம்பித்தான நான் படுத்திருக்கேன்" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததன் காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. 1997இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்ணும் கையும் எந்த அளவுக்குத் தடுமாறுகின்றன என்று பார்த்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்கு அது சமமாக இருந்தது. நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே கேஸ். நான் அன்று 20 மணி நேரம் விழித்திருந்தேன். ஒரு சொட்டு குடிக்காமல், குடித்தவனைப் போல ஓட்டியிருக்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் மூடினால் வண்டி 50 மீட்டர் போய்விடும். அந்த மூன்று நொடியில் டிரைவர் இல்லாத வண்டி அது.

டீ, புகையிலை, சத்தமான பாட்டு, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். டீயாவது இருபது நிமிடம் கழித்து வேலை செய்யும், அதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டால் பலன் உண்டு. மற்றவை தூக்கத்தை மறைக்குமே தவிரப் போக்காது. தூக்கம் வராமலிருக்க மாத்திரை என்று எவராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள்.

படுத்ததும் தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருங்கள். நான்கைந்து டிரிப்பில் உடம்பு பழகிவிடும். எங்கள் காலத்தில் ஜன்னல்தான் தூக்கத்தைக் கெடுத்தது, இப்போது செல்போன் கெடுக்கிறது. பையன் பின்னால் படுத்துத் தூங்குகிறான் என்று நினைத்து முன்னால் இருப்பவர் இரவெல்லாம் ஓட்டுவார். பையன் போர்வைக்குள் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு கிடப்பான். விடிகாலை மூன்று மணிக்கு அவனை எழுப்பி ஸ்டியரிங்கைக் கொடுக்கும்போது இரண்டு பேருக்கும் ஆபத்து. படுக்கப் போகும்போது போனை அணைத்து முன் டேஷ்போர்டில் வைத்துவிடச் சொல்கிறேன். முன்னால் இருப்பவரும் அப்படியே செய்யட்டும்.

வண்டி கைமாறும் அந்த நேரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இதைத்தான் அவசரத்தில் விடுகிறார்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் மூளை முழுதாக எழுவதில்லை, கால் மணியிலிருந்து அரை மணி வரை மந்தம் இருக்கும். ஆகவே எழுந்ததும் நேரடியாக சீட்டில் ஏறாதீர்கள். இறங்குங்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ராடால் ஒவ்வொரு டயரையும் தட்டுங்கள், காற்று இறங்கிய டயரின் சத்தம் மொத்தென்று இருக்கும். புறங்கையைச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறது அல்லது பேரிங் போகிறது என்று அர்த்தம். தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பாருங்கள். அதற்குள் மூளையும் எழுந்திருக்கும். அப்புறம் சீட்டையும் கண்ணாடியையும் உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஓட்டிவந்தவர் வாய்திறந்து சொல்ல வேண்டியவை உண்டு. பிரேக் இடதுபக்கம் இழுக்கிறதா, பிரேக்குக்கான ஏர் இறங்காமல் நிற்கிறதா, டீசல் எவ்வளவு, அடுத்த டைவர்ஷன் எங்கே. எங்கள் அண்ணன் இதையெல்லாம் சொல்லிவிட்டு, உடனே படுக்கப் போகமாட்டார். கிளீனர் சீட்டில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேச்சுக் கொடுப்பார். என் பதிலில் சுறுசுறுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பின்னால் போவார். அதை நான் பல நாள் வெறும் அரட்டை என்றே நினைத்திருந்தேன்.

ஓட்டுகிறபோது பின்னால் ஒரு ஆள் படுத்திருக்கிறார் என்ற நினைப்போடு ஓட்டுங்கள். ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னாலேயே கியரைக் குறையுங்கள், பிரேக்கை உதைக்காதீர்கள். உங்களிடம் அவர் நல்ல தூக்கத்தோடு வண்டியை வாங்கினால்தான் நீங்கள் அடுத்து நிம்மதியாகப் படுக்க முடியும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவது நல்லது. பன்னிரண்டு மணி நேரம் ஒருவரே இழுப்பது கூடாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் வகுத்தது. ஆனால் என் சொந்தக் கருத்து இதையும் தாண்டியது. விடிகாலை இரண்டிலிருந்து நாலரை வரை, இரண்டு டிரைவர் இருந்தாலும் வண்டியை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் தூங்கு என்றுதான் எல்லா மனித உடம்பும் கேட்கும், பழகிய டிரைவருக்கும் விலக்கில்லை. ரோட்டோரத்தில் அல்ல, வெளிச்சமுள்ள பங்க்கிலோ டோல் பக்கத்து லாரி நிறுத்தத்திலோ நிறுத்துங்கள். ரோட்டோரம் நிற்கும் லாரியின் பின்னால் இன்னொரு தூக்கக்காரர் வந்து மோதுவார்.

நிறுத்தினால் ஜிபிஎஸ் பார்த்து ஆபீசிலிருந்து போன் வரும். "ரெண்டு பேரு இருக்கீங்க, வண்டி ஏன் நிக்குது?" என்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதற்காக டிரிப்புக்குத் தரும் படிப் பணத்தில் பிடித்தம் செய்திருக்கிறார்கள். அந்த வலி எனக்குத் தெரியும். அப்படியும் சொல்கிறேன், நிறுத்துங்கள். நேரம் குறிப்பிட்டு, நின்ற இடத்தைச் சொல்லி, புறப்படும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒழுங்காகச் சொல்லிவிட்டு நிற்கிற டிரைவரை நல்ல முதலாளி மதிக்கிறார். மதிக்காத இடத்தில் ஒரு டிரிப்போடு கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தி புதியவர்களுக்குத் தெரிவதில்லை. மாநிலம் தாண்டி ஓட அனுமதி பெற்ற நேஷனல் பெர்மிட் வண்டியில் குறைந்தது இரண்டு டிரைவர் இருக்க வேண்டும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒருவர் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்தது. 2018இல் இரண்டு டிரைவர் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆள் கிடைக்காத நிலையில் முதலாளிகளுக்கு அது உதவி. டிரைவர்களிலும் சிலருக்கு இரண்டு பேர் படியும் ஒருவர் கைக்கு வருவது பிடித்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தில்லிக்கு 2,400 கிலோமீட்டர் தனியாக ஓட்டுகிறவரைத் தட்டி எழுப்ப யார் இருக்கிறார்கள்? சட்டம் கேட்காவிட்டாலும், புதிதாக வருகிறவர் குறைந்தது இரண்டு வருடமாவது அனுபவசாலியோடு ஜோடியாக ஓடட்டும். அப்படி ஓடியவர்தான் இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல், கியரில் வைத்து இன்ஜின் பிடியில் இறங்கக் கற்றுக்கொள்கிறார். தொப்பூரில் டீசல் மிச்சம் பிடிக்கப் போய்ப் பிரேக் இழந்த வண்டிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஏறும் முன் முதலாளியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கூட வருபவர் யார், அவருக்கு லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, படி ஆளுக்கு எவ்வளவு, லோடு இறக்கக் காத்திருக்கும் நாளுக்கு ஹால்ட் பணம் உண்டா. கூட வருபவரோடு ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கிறவர் என்று தெரிந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள், வேலை எங்கும் போய்விடாது. லைசென்ஸ் இல்லாத கிளீனரிடம் "கொஞ்ச நேரம் பிடி" என்று ஸ்டியரிங் கொடுப்பவர்களும் உண்டு. நீங்கள் கிளீனராக இருந்தால் பிடிக்காதீர்கள். டிரைவராக இருந்தால் கொடுக்காதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் தொகையில் வில்லங்கம் வந்துவிடும்.

போன வாரம் ஒரு பையன் கொல்கத்தா லோடுக்குக் கிளம்பினான், முதல் டிரிப். அவன் பையில் நான்கு சட்டையும் பெரிய ஸ்பீக்கரும் இருந்தன. ஸ்பீக்கரை எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன். பின் சீட்டின் அகலத்துக்கு வெட்டிய மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்று, வெளிச்சத்தை மறைக்கத் தொங்கவிட ஒரு கறுப்புத் துணி, காதுக்குக் கொஞ்சம் பஞ்சு கொடுத்தேன். நான்காம் நாள் ஒடிசாவிலிருந்து போன் செய்தான். "பகல்ல ஆறு மணி நேரம் தூங்கினேன் சார்" என்றான்.