பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, மருந்து எதற்கு?

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் வந்தார். க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்) என்று கண்டுபிடித்து, இரவில் போட ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கண் அழுத்தம் பார்த்தேன். முதல் நாள் இருந்த அதே 28. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டியது.

"சொட்டு போடுறீங்களா ஐயா?"

"ரெண்டு பாட்டில் போட்டேன் டாக்டர். பார்வையில ஒரு மாற்றமும் தெரியல. அதான் நிறுத்திட்டேன்."

அவர் மேல் தப்பில்லை. முதல் நாளே அவருக்குப் புரியும்படி நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கண்புரை வேறு, இது வேறு. புரையை எடுத்தால் ஓரிரு நாளில் பார்வை தெளிந்துவிடும். க்ளாக்கோமாவில் கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தேய்ந்தது திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை. அதற்கு நிரூபணமான வழி, கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைப்பது. (இரத்த அழுத்தம் நார்மலாக இருப்பவருக்கும் இது வரும், இரண்டும் ஒன்றல்ல.) அழுத்தம் ஒவ்வொரு புள்ளி குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவதாக ஸ்வீடனில் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே, பல வருடம் பார்வையில் எந்த மாற்றமும் தெரியாமல் போவதுதான் எங்களுக்கும் வேண்டும்.

நோய் உறுதியானதும் மருத்துவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது: "என் கண்ணில் நீர் வடியும் கோணம் திறந்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா?" கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறும் இடம்தான் அந்தக் கோணம். கண்மேல் ஒரு சிறிய லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குறுகியிருந்தால் பெரும்பாலும் யாக் லேசரில் கருவிழிப் படலத்தில் (ஐரிஸ்) நுண்ணிய துளை போடுவோம். சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம். சிலருக்குப் புரை அறுவை செய்தாலே கோணம் விரியும். கோணம் குறுகியவர்களுக்குத் திடீரென்று கடும் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கோணம் திறந்திருந்தால் சொட்டில் தொடங்கலாம், அல்லது நீர் எளிதாக வடிய உதவும் எஸ்.எல்.டி. என்ற லேசரில் தொடங்கலாம். லேசர் என்றதும் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இந்த லேசரில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு இல்லாமலே இருந்தார்கள். அதன் பலன் மெல்லக் குறையலாம், அதனால் பரிசோதனையை விட முடியாது.

சொட்டு என்றால் பெரும்பாலும் லேட்டனோபிராஸ்ட் வகை, இரவில் ஒரு முறை. கண் கொஞ்சம் சிவக்கும், இமை முடி நீளும், இமைத் தோல் கருக்கலாம். அடுத்தது டைமோலால். வீசிங் இருந்தாலோ நாடித்துடிப்பு மெதுவாக இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண்ணில் விடும் ஒரு சொட்டு மூச்சுவரை போகும். அப்படிப் போகாமல் இருக்க, சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு போதும். இரண்டு மருந்து இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி, ராத்திரி போடும் ஷுகர் மாத்திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். மறதிக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. எரிச்சல் தாங்கவில்லையா, விலை கட்டவில்லையா, நிறுத்துவதற்கு முன் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

இவற்றில் அடங்காவிட்டால் அறுவை. 1968 முதல் செய்யப்படும் ட்ரபெகுலெக்டமியில் மேலிமைக்கு அடியில் நீர் வடியப் புது வழி அமைக்கிறோம். சிலருக்குச் சிறு குழாய் பொருத்துவோம். மதுரை அரோலேப் அதைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

தலைமையாசிரியர் லேசரைத் தேர்ந்தெடுத்தார். கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம் என்று சொல்லியிருந்தேன். அடுத்த முறை தம்பியையும் தங்கையையும் கூட்டி வந்தார். தம்பிக்கு ஒன்றும் இல்லை. தங்கையின் பார்வை நரம்பில் குழிவு சற்று அதிகம், அது இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். பக்கப் பார்வை குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனைக்கு நாள் குறித்திருக்கிறோம்.