முடியாத குதிரையை முடித்துவைக்காதீர்கள்

பழைய எண்ணெய் வண்ண ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். இதில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "அரைகுறையா நிக்குதே, கொஞ்சம் பூசி முடிச்சிடலாமா?" கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆயில் ஸ்கெட்ச், அதாவது எண்ணெய் வண்ணத்தில் வேகமாகத் தீட்டிய முன்வரைவு, பாழாவதும் பெரும்பாலும் அந்த நல்ல எண்ணத்தால்தான்.

போலந்து ஓவியர் பியோத்ர் மிஹாவோவ்ஸ்கியின் குதிரைகளைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். 1800இல் கிராகுவ் நகரில் பிறந்தவர். 1830இல் ரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய எழுச்சியில் ஆயுத உற்பத்தியைக் கவனித்தார். எழுச்சி தோற்றதும் 1832இல் பாரிஸ் போய், ஷார்லே என்ற ஓவியரிடம் பயின்றார். குதிரையின் தசையும் எலும்பும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்க இறைச்சிக் கூடங்களுக்கே போனவர். பாரவண்டி இழுக்கும் பெர்ஷரோன் குதிரைகள், அவற்றின் பருத்த பின்புறம், குட்டையான கழுத்து இதெல்லாம் அவர் கைக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர் ஒரு காலைத் தீட்டாமல் விட்டிருந்தால், தெரியாமலா விட்டிருப்பார்?

இந்த மாதிரி ஸ்கெட்ச்சை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். நிழல் இருக்கும் இடத்தில் வண்ணம் மெல்லிசு. சில இடங்களில் பழுப்பு அடிப்பூச்சு மட்டும்தான், அதுவே கழுத்து நிழலாகிவிடும். வெளிச்சம் விழும் தொடையில் மட்டும் வெள்ளையும் சாம்பலும் கெட்டியாக ஏறியிருக்கும். தசை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே தூரிகைத் தடமும் திரும்பும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் அந்த மேடுகள் தெரியும்.

சிக்கல் இங்கேதான். அந்த மெல்லிய பழுப்பு, வார்னிஷை எடுக்கப் பயன்படுத்தும் கரைப்பான் திரவத்துக்குச் சட்டென்று கரைந்துவிடும். மேலே இருக்கும் பழைய வார்னிஷும் மஞ்சளாகி, பழுப்பாகத்தான் இருக்கும். பஞ்சை நனைத்துத் துடைத்ததும் பஞ்சில் பழுப்பு ஏறினால், "அழுக்கு வருது" என்று சந்தோஷப்பட்டு மேலும் துடைப்பார்கள். வருவது வார்னிஷா, குதிரையின் கழுத்தா? அதிகம் துடைத்த ஓவியத்தில் கான்வாஸ் இழைகளின் முகடுகள் வெளிறிய புள்ளிகளாகத் தெரியும். போன வண்ணம் போனதுதான்.

புற ஊதா விளக்கு ஓரளவு உதவும். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்து மங்கலாக ஒளிரும். பின்னால் யாரோ பூசிய இடங்கள் கருப்புத் திட்டாகத் தெரியும். கால் முழுக்கக் கருப்பாகத் தெரிந்தால், யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே "முடித்து" வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

முன்னாளில் இன்னொரு வழக்கம் இருந்தது: பின்பக்கம் பசை தடவிப் புதுத் துணி ஒட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது. கான்வாஸ் உறுதியானது, சரி. ஆனால் கெட்டியான வண்ண மேடுகள் சப்பிப் போயின. குதிரையின் தொடை தோசைபோல் தட்டையாகிவிட்ட ஓவியங்களும் உண்டு.

மிஹாவோவ்ஸ்கி 1837 வாக்கில் வரைந்த சொமோசியெர்ரா ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். 1808 நவம்பர் 30 அன்று ஸ்பெயினின் சொமோசியெர்ரா மலைக் கணவாயில் போலந்துக் குதிரைப்படை மேல்நோக்கிப் பாய்ந்த காட்சி. தனித்தனிக் குதிரையாக எண்ண முடியாது. புகையும் புழுதியும் உடல்களும் ஒரே ஓட்டமாக மேலேறும். அந்தப் புகையை அழுக்கென்று நினைத்துத் துடைத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

வீட்டில் பழைய எண்ணெய் ஓவியம் இருந்தால் உருளைக்கிழங்கு, சோப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய் எதையும் வைத்துத் துடைக்க வேண்டாம். வண்ணம் உதிரவில்லை என்றால், மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டலாம். உதிர்கிறது என்றால் அதுவும் வேண்டாம். படுக்கை வசமாக வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வாங்குபவர்களுக்கு ஒன்று. மிஹாவோவ்ஸ்கி தன் படங்களில் பெரும்பாலும் கையெழுத்துப் போடாதவர். ஆகவே அவர் பெயர் பளிச்சென்று எழுதிய குதிரை ஸ்கெட்ச் கிடைத்தால், அந்த எழுத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பழைய வண்ணத்தின் வெடிப்புகளுக்கு மேலே எழுத்தின் வண்ணம் ஓடியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்; ஓடியிருந்தால் அது பின்னால் எழுதியது. அப்புறம் படத்தைத் திருப்புங்கள்: சட்டத்தின் மரம், ஆணித் துளைகள், பின்னால் ஒட்டிய பழைய சீட்டுகள். அழுக்காக இருக்கிறதென்று அந்தச் சீட்டுகளைக் கிழித்துவிடாமல், முதலில் போட்டோ எடுத்து வையுங்கள்.